டைல்ஸின் நிறம் வெள்ளை

திருத்தம்: இந்தக் கதையின் ஆறாம் பகுதியில், தம்பி கூரியர் கடைக்கு எடுத்துப்போன பார்சலில் இதயத்துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம் இருந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. அது தவறு. இருந்தது ஒரு மின்சாரக் கெட்டில். தெரியாமல் நேர்ந்த தவறல்ல இது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

1

இந்தக் கதை முந்நூற்றுப் பன்னிரண்டு அனுதாபச் செய்திகளிலிருந்து பிறந்தது.

என் தம்பி ஒரு தொழில்நுட்பச் செய்தித் தளம் நடத்தினான். அவன் இறந்ததை அதே தளத்தில் நான்கு வரியில் போட்டேன். கீழே வந்து குவிந்தவை அவை. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு.’ ‘இவரைக் கேட்காமல் வீட்டில் ஒரு பல்புகூட வாங்கியதில்லை.’ ‘இவ்வளவு நேர்மையாக எழுத இனி யார் இருக்கிறார்கள்?’

நான் ஒரு பாடநூல் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்தியவள். ஒரு பட்டியலைக் கண்டால் சரிபார்க்காமல் விட முடியாது. சந்தாதாரர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் எப்போதாவது சந்தா கட்டியவர்கள் பத்தொன்பது பேர். ஒரு மாதச் சந்தா இரண்டு டீயின் விலை. மற்ற இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று பேரும் எட்டு வருடம் ஓசியில் படித்துவிட்டு, ஓசியில் அழுதுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். ‘நான்’ என்று ஆரம்பித்தால் வசவு மட்டும்தான் வந்தது. மூன்று பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன், பிழையே இல்லை, ஆனால் கதையும் இல்லை. அதனால் கதைக்குள் நான் ‘அக்கா’ ஆகிறேன். அவள் என்னைவிடக் கொஞ்சம் நிதானமானவள். அவளால் தாங்க முடியாத இடத்தில் அடைப்புக்குறிக்குள் நான் வருவேன்.

2

முதல் தொடக்கம்:

மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற தம்பியின் முகத்தில்

(மழை பெய்யவில்லை. கதையில் ஒருவர் சாகப்போகிறார் என்றால் முதல் வரியிலேயே எதற்கு மழையைக் கூட்டி வர வேண்டும்?)

இரண்டாம் தொடக்கம்:

சுதந்திரமான தொழில்நுட்பச் செய்தி ஒரு சிறு தொழிலாகத் தாக்குப்பிடிக்குமா என்ற கேள்வியை நாம் பல கோணங்களில்

(இதைத் தம்பி படித்திருந்தால், “கொட்டாவி விட்டே தாடை கழண்டுடும்க்கா” என்றிருப்பான்.)

மூன்றாம் தொடக்கம்:

தம்பி குளியலறை வாசலில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் தரையில் ஒன்பது சார்ஜர்கள் வேலை செய்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு வாளி மணல், தீப்பிடித்தால் கொட்டுவதற்கு.

(இது இருக்கட்டும். இது நடந்தது.)

ஒன்பதும் ஒரே கம்பெனியின் ஒரே ரகம். ஒன்பது வெவ்வேறு கடைகளில் அவனே வாங்கியவை. கம்பெனி அனுப்பும் மாதிரி நன்றாகத்தான் இருக்கும், கடையில் கிடைப்பதுதான் சனங்கள் வாங்குவது என்பான். ஆறு மணி நேரம், அரைமணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் சூட்டையும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். வீட்டில் தீப்பிடிக்காத தரை குளியலறையில் மட்டும்தான் இருந்தது. வெள்ளை டைல்ஸ். வாசல் ஓரத்தில் ஒன்று விரிந்திருக்கும்.

அக்காவின் கணவர் தோளில் துண்டோடு வந்து நின்றார். தம்பிக்கு அவர் அத்தான். லிஃப்ட் மெக்கானிக்.

“மச்சான், நான் குளிக்கணும்.”

“இன்னும் நாலு மணி நேரம் இருக்கு அத்தான்.”

“சார்ஜருக்குக் குளியலறை, மனுஷனுக்குத் தெருக்குழாயா?”

“ஏழாம் நம்பர் ஓரம் இளகுது. வந்து பாருங்க.”

அத்தான் குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். “இதே சார்ஜர்தான நம்ம கட்டில்ல தலகாணி பக்கத்துல கிடக்கு?”

“அதேதான்.”

அவர் போய், அதைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, குளிக்காமலே வேலைக்குப் போனார். தம்பி எழுதியதில் ஒரு பத்திக்கு மேல் அவர் படித்ததே இல்லை. இருந்தாலும் அந்தக் கட்டுரையின் முதல் பலன் அவருடைய தலையணைக்குத்தான் கிடைத்தது.

3

தளத்தில் வேலை செய்தவர்கள் இரண்டு பேர். மாடி அறையில் தம்பி, கீழே சாப்பாட்டு மேசையில் அக்கா. அவன் வாங்குவான், பிரிப்பான், அளப்பான், எழுதுவான். அவள் எண்களையும் வாக்கியங்களையும் சரிபார்ப்பாள். வெளியாவதற்கு முன் கடைசியாகக் கை வைப்பது அவள்தான். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சந்தாதாரர்களுக்குக் கடிதம் போகும். எட்டு வருடத்தில் ஒரு செவ்வாய் தவறவில்லை.

தம்பிக்கு இரண்டு பிடிவாதங்கள். இலவசமாக வரும் எந்தப் பொருளையும் பிரிக்காமல் தன் செலவில் கூரியரில் திருப்பி அனுப்பிவிடுவான். இன்னொன்று, திருத்தம். மற்ற இடங்களில் தவறு திருத்தினால், கட்டுரையின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டு நழுவிவிடுவார்கள். இவன் தலைப்புக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் மேலே போடுவான். என்ன தப்பு, எந்த இடத்தில், எப்படி நேர்ந்தது, எல்லாம்.

“முதல்லயே தப்பைச் சொன்னா மிச்சத்தை எவன்டா படிப்பான்?” என்று அக்கா ஆரம்பத்தில் கேட்டாள்.

“படிக்கிறவன் மிச்சத்தை நம்பிப் படிப்பான்.”

ஆயிரத்து நூற்று நாற்பது பேர் அப்படி நம்பிச் சந்தா கட்டினார்கள். அந்த எண்ணிக்கை வந்த மாதம்தான் இருவரும் முதல்முறையாகச் சம்பளம் என்று ஒன்று எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் பதில்பெட்டி வந்தது.

பதில்பெட்டி என்பது அக்கா வைத்த பெயர். இணையத்தில் எதையாவது தேடினால் பக்கத்தின் உச்சியில் ஒரு கட்டம் வந்து, கேட்ட கேள்விக்குத் தானே பதில் எழுதித் தருகிறதே, அதுதான். அதற்குக் கடைக்குப் போகத் தெரியாது. சார்ஜரைத் தொடத் தெரியாது. தொட்டவன் எழுதியதை அள்ளி, நாலு வாக்கியமாகப் பிசைந்து வைக்கும். அதோடு தேடியவர் போய்விடுவார். தளத்துக்கு வந்து, ‘இது நன்றாக இருக்கிறதே, சந்தா கட்டுவோம்’ என்று நினைக்க வேண்டியவர் தளம் இருப்பதையே அறியமாட்டார். ஒரே வருடத்தில் வந்துபோகிறவர்கள் பாதியானார்கள். பழைய சந்தாதாரர்கள் ஒவ்வொருவராக விலகுவது எப்போதும் உள்ளதுதான். அந்த இடத்துக்குப் புதியவர்கள் வருவது நின்றது.

“நம்ம மூணு வார வேலைடா. வாசல் கேட்டைக் கூடத் திறக்காம எடுத்துட்டுப் போறான்.”

“தகவலுக்குப் பட்டா கிடையாதுக்கா. ஒரு ஒயர் சூடாகும்னு நான் கண்டுபிடிச்சா அது எல்லாருக்கும்தான்.”

“கண்டுபிடிச்சவன் சாப்பிட வேண்டாமா?”

“அதுக்குத்தான் நீ சமைக்கிறியே.”

அவள் சிரிக்கவில்லை. “திருடறாங்கன்னு எழுது.”

“எழுதலாம். ஆதாரம்? எண்பத்திமூணு டிகிரின்னு நாம அளந்தாலும் எண்பத்திமூணு, வேற எவன் அளந்தாலும் எண்பத்திமூணு. அவன் நம்மகிட்ட எடுத்ததுன்னு எதை வச்சு சொல்லுவ?”

(அந்தக் கேள்வியை அவன் கேட்காமல் இருந்திருக்கலாம். நானும் அதற்குப் பதில் தேடாமல் இருந்திருக்கலாம்.)

4

(கதை இங்கே கொஞ்சம் நிற்கட்டும். இந்தத் தொழில் தாக்குப்பிடிக்குமா என்று துக்கம் கேட்க வந்தவர்களில் நாலு பேர் என்னிடம் கேட்டார்கள். ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “வணிக மாதிரி சரியில்லைங்க” என்றார். தம்பியின் செருப்பு அப்போது வாசலில்தான் கிடந்தது.

சரி, சொல்கிறேன். விளம்பரம் வாங்கலாம். யார் தருவார்கள்? சார்ஜரைச் சோதிப்பவனுக்கு சார்ஜர் கம்பெனிதான் தரும், சோதிக்காமல் இருக்க. நன்கொடை கேட்கலாம். முதல் முறை கேட்டால் மனசு உருகும், மூன்றாம் முறை கேட்டால் இந்த ஆள் எப்பவும் இப்படித்தான் என்பார்கள். கருத்தரங்கு நடத்தலாம், அதற்கு நிறுவனங்கள் மேடை போட்டுத் தரும், அந்த மேடையில் நின்றுகொண்டு அவர்கள் சார்ஜர் உருகுகிறது என்று சொல்ல முடியாது. மிச்சம் வாசகர். வாசகரோ நல்லவர், நம்மை மதிக்கிறவர், வீட்டில் எல்லாருக்கும் சொல்கிறவர், சந்தா என்ற இடத்துக்கு வந்ததும் அவருக்கு உடனே வேறு வேலை வந்துவிடும்.

நான் கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. நிதானமாக எழுதினாலும் கணக்கு இதேதான். உண்மையைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆகிறது, அதை எடுத்துக்கொள்ள நாற்பது நொடி ஆகிறது. மூன்று வாரத்துக்குச் சோறு போட ஆளில்லை. நாற்பது நொடிக்கு உலகமே முதலீடு செய்கிறது.

கதைக்குப் போவோம்.)

5

சார்ஜர் கட்டுரையைத் தம்பி எழுதி முடித்தான். ஒன்பது சார்ஜர், பன்னிரண்டு அளவுகள், மொத்தம் நூற்றெட்டு எண்கள். அக்கா நோட்டோடு ஒப்பிட்டு நூற்றெட்டையும் சரிபார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை. ‘எங்கள் குளியலறையின் வெள்ளை டைல்ஸ் தரையில் வைத்து அளந்தோம்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. தம்பி கடைசியாகப் படித்து, “போட்டுடுக்கா” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

அவள் ‘வெள்ளை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பச்சை’ என்று போட்டாள்.

படத்தில் டைல்ஸ் தெரிந்தது. அதன் ஓரத்தை வெட்டினாள்.

முப்பத்தோரு வருடம் மற்றவர்களின் பிழையை எடுத்தவள் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பிழையை வைத்தாள். (எப்படி இருந்தது என்று கேட்பீர்களானால், நன்றாக இருந்தது. தோட்டத்தில் எலிப்பொறி வைத்துவிட்டு வந்து கைகழுவுவதைப்போல இருந்தது.)

பதினோராம் நாள் பதில்பெட்டியிடம் கேட்டாள், இந்தக் கம்பெனி சார்ஜர் சூடாகுமா என்று. அது உடனே சொல்லிற்று: ‘ஆம். பச்சை டைல்ஸ் தரையில் வைத்து நடத்தப்பட்ட ஒரு சோதனையில் ஒன்பதில் நான்கு சார்ஜர்கள் எண்பது டிகிரியைத் தாண்டின.’ யார் நடத்திய சோதனை என்று இல்லை. ஆனால் பச்சை இருந்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மாடி ஏறினாள்.

“கையும் களவுமா மாட்டினான்டா. படி.”

தம்பி படித்தான். “பச்சையா?”

“நான் போட்டது.”

“எப்ப?”

“நீ போட்டுடுன்னு சொன்னதுக்கு அப்புறம்.”

அவன் மறுபடி படித்தான். “அப்ப நம்ம பக்கத்துலயும் பதினோரு நாளா பச்சைன்னுதான் இருக்கா?”

“அதான்டா ஆதாரம். நீதான கேட்ட?”

“நான் ஆதாரம் கேட்டேன். பொய் கேட்கல.”

“டைல்ஸ் கலருடா. அதுல எவனுக்கு என்ன குடி முழுகிப் போச்சு?”

“படிக்கிறவனுக்கு எதை நம்பணும், எதை விட்டுடலாம்னு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் நம்புறான்க்கா. அதுக்குத்தான் சந்தா கட்டுறான்.”

“கட்டுறவன் ஆயிரம் பேர். அள்ளுறவன் ஊரு உலகம் பூரா.”

“அந்த ஆயிரம் பேர்கிட்டதான் நீ பொய் சொல்லியிருக்க. அள்ளுறவனுக்கு என்ன, அவன் எதையும் நம்பி எடுக்கல. எடுக்க மட்டும்தான் செய்யுறான்.”

அவன் கணினியைத் தன் பக்கம் திருப்பினான். என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

“அச்சுப்பிழைன்னு போடுடா.”

“அச்சுப்பிழையா அது?”

“எனக்காகப் போடு.”

அவன் தட்டச்சு செய்தான். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் மேலே: ‘திருத்தம்: இந்தச் சோதனை நடந்தது வெள்ளை டைல்ஸ் தரையில். பச்சை என்று வெளியானது தவறு. இது அச்சுப்பிழை அல்ல. எங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் வேண்டுமென்றே மாற்றியது. மன்னிக்கவும்.’

ஆசிரியர் குழுவில் இருந்தது இரண்டு பேர்.

இரண்டு வாரம் அக்கா அவனோடு பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து தட்டைக் கரண்டியால் தட்டுவாள். அவன் வந்து சாப்பிட்டுவிட்டு, காலித்தட்டைக் கரண்டியால் தட்டுவான். அத்தான் நடுவில் உட்கார்ந்து, “என்ன, ரெண்டு பேரும் கச்சேரி வைக்கிறீங்களா?” என்பார்.

6

சார்ஜர் கம்பெனியின் வக்கீல் கடிதம் மூன்றாம் வாரம் வந்தது. வழவழப்பான தாள். ‘சோதனை நடந்த இடத்தைப் பற்றியே பொய்யான தகவல் தந்ததைத் தங்கள் தளம் தானே ஒப்புக்கொண்டுள்ளது. ஆகவே அதில் கூறப்பட்ட வெப்ப அளவுகளும் நம்பத்தக்கவை அல்ல.’ அதையே கம்பெனி அறிக்கையாகவும் வெளியிட்டது. பெரிய தளங்கள் அதை அப்படியே எடுத்து வெளியிட்டன. ஒருவர்கூட ஒரு சார்ஜரை வாங்கி ஆறு மணி நேரம் பார்க்கவில்லை. ஒரு டைல்ஸுக்காக நூற்றெட்டு எண்கள் பொய்யாயின.

பதில்பெட்டியும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ‘இந்தச் சோதனையின் நம்பகத்தன்மை குறித்துக் கேள்விகள் எழுந்துள்ளன’ என்று ஒரு வரி சேர்ந்தது. பச்சை டைல்ஸ் அப்படியே இருந்தது. சந்தேகத்தை எடுத்துக்கொண்டது, திருத்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

சந்தாதாரர்கள் அறுநூறுக்கு வந்தார்கள். சார்ஜர் இன்றைக்கும் கடையில் தொங்குகிறது. கம்பெனிமேல் நேராகக் கோபப்படக்கூட அக்காவுக்கு உரிமை இல்லாமல் போனது. கயிற்றை எடுத்துக்கொடுத்தது அவள். அதை வாசலில் மாட்டி வைத்தது அவன். இழுத்தது மட்டும்தான் அவர்கள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தம்பி ஒரு பார்சலோடு கூரியர் கடைக்குப் போனான். ஏதோ நிறுவனம் இலவசமாக அனுப்பிய பொருள், வழக்கம்போல் பிரிக்காமல் திருப்பி அனுப்ப. உள்ளே இதயத்துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம். வரிசையில் மூன்றாவது ஆள். பின்னால் நின்றவரிடம், “நீங்க முன்னால போங்க, எனக்கு அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு, எடை போடும் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்தொன்பது.

(கடிகாரம் அளவுக்கு மீறிப் பொருந்துகிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். மேலே பார்க்கவும்.)

(வக்கீல் கடிதம்தான் கொன்றது என்று எழுதினால் கதை கச்சிதமாக நிற்கும். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அப்பாவுக்கும் இதே வயதில் இதே மாதிரிதான் நடந்தது, முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும் என்றார். எனக்கு வேறு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும். ஆனால் ஆதாரம் இல்லை.)

கூரியர் கடைப் பெண் இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்தாள். “அம்மா, சாரோட பார்சலை அன்னைக்கே அனுப்பிட்டேன். ரசீது என்கிட்ட இருக்கு, வேணுங்கிறப்ப வாங்கிக்குங்க.” முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் அவள் பெயர் இல்லை. அவன் பாதியில் விட்ட வேலையை முடித்துக் கொடுத்தது அவள் ஒருத்தி.

7

ஆறாம் வாரம், வாங்க வந்தவர் வந்தார்.

(இவரை எழுதுவதில்தான் எனக்குத் தகராறு. முதல் வரைவில் தங்கச் சங்கிலி போட்டு, பல்லைக் குத்திக்கொண்டு வந்தார். பொய். அந்த வரியை அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு வந்தார். தண்ணீர் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கினார். நல்ல பிள்ளையை வெறுப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.)

“சாரோட தளம், பேரு, எட்டு வருஷக் கட்டுரைங்க எல்லாத்தையும் எங்க நிறுவனம் எடுத்துக்கும் மேடம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். தளம் நிக்காது, செவ்வாய்க்கிழமைக் கடிதம் நிக்காது.”

“யாரு எழுதுவாங்க?”

“சார்தான்.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவசரமாகத் தொடர்ந்தார். “அதாவது, சார் எழுதினதை எல்லாம் கொடுத்து எங்க மென்பொருளைப் பழக்குவோம். அது சார் மாதிரியே எழுதும். ஒரு சாம்பிள் கொண்டுவந்திருக்கேன்.”

ஃபோனை நீட்டினார். ஒரு மேசை விசிறி பற்றிய கட்டுரை. அக்கா படித்தாள். ‘கையில் தூக்கிப் பார்த்தேன். கனமில்லாத விசிறிக்குக் காற்றும் கனமிருக்காது என்று என் அனுபவம்’ என்று ஆரம்பித்தது. அது தம்பியின் நடைதான். அவன் வைக்கும் இடத்தில்தான் முற்றுப்புள்ளி இருந்தது. அவள் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். அது மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு அனுப்பியிருப்பாள்.

“எந்தக் கையில தூக்கிப் பார்த்துச்சு?”

“மேடம்?”

“கையில் தூக்கிப் பார்த்தேன்னு இருக்கே. எந்தக் கை?”

“அது ஒரு நடைதான் மேடம். வாசகருக்கு ஒரு நெருக்கம் வரும்.”

“இன்னொண்ணு இருக்கா?”

“இருக்கு, சாரோட பிரபலமான கட்டுரையையே இன்னும் விரிவா எழுதச் சொன்னோம்.” விரலால் தள்ளிக் காட்டினார்.

‘எங்கள் வீட்டுக் குளியலறையின் பச்சை டைல்ஸ் தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒன்பது சார்ஜர்கள்.’

அக்கா ஃபோனை மேசைமேல் வைத்தாள். எங்கிருந்தோ சுற்றிச் சுற்றி வந்த அவளுடைய பொய், இப்போது தம்பியின் வாயிலிருந்து, தம்பியின் குரலில் வந்தது. அவன் உயிரோடிருந்தபோது அந்தச் சொல்லைத் தன் பக்கத்தில் ஒரு நாள்கூட வைத்திருக்கச் சம்மதிக்கவில்லை.

“வெள்ளை,” என்றாள்.

“என்ன மேடம்?”

“டைல்ஸ் வெள்ளை. திருத்தம் மேலேயே இருக்கே, பார்க்கலையா?”

“அதைப் பத்தியும் பேசணும்னு இருந்தேன். திருத்தங்களை எல்லாம் எடுத்துடுவோம் மேடம். உள்ள வந்ததும் முதல்ல தப்பைப் பார்த்தா ஆளுங்க போயிடுறாங்க. எங்ககிட்ட புள்ளிவிவரம் இருக்கு.”

அவர் தாளை மேசைமேல் வைத்தார். செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதே நண்பகலில் தளத்தின் முகவரிக்கான காலமும் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதையும் அவர் மரியாதையாகவே சொன்னார். போகும்போது குடித்த தம்ளரை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார்.

8

அத்தான் தாளைப் படித்தார். இதை முழுசாகப் படித்தார்.

“நீ என்ன நினைக்கிற?”

“நீங்க சொல்லுங்க.”

“லிஃப்ட் ஓடுற வரைக்கும் மெக்கானிக்க எவனும் நினைக்கமாட்டான். நின்னா அஞ்சு நிமிஷத்துல ஃபோன் வரும். உங்க கடை நின்னு ஆறு வாரம் ஆச்சு. யாராவது ஃபோன் பண்ணாங்களா, ஏன் நின்னுச்சுன்னு?”

“அழுதாங்க.”

“அழுறது வேற. லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவன் அழமாட்டான், கதவைத் தட்டுவான்.”

அவர் சொன்னது சரி என்றுதான் அக்கா அன்று படுக்கப் போனாள். மறுநாள் காலை மின்னஞ்சலில் ஒன்று வந்திருந்தது. ஒரு பெண்கள் விடுதியின் காப்பாளர். மிஞ்சிய அறுநூறு சந்தாதாரரில் ஒருவர். அனுதாபம் எதுவும் இல்லை. இறந்த செய்தியை அவர் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

‘ஆறு செவ்வாயாகக் கடிதம் வரவில்லை. விடுதிக்கு நாற்பது சார்ஜர் வாங்க வேண்டும். அறைகளில் எல்லாம் மெத்தை, திரைச்சீலை. இணையத்தில் தேடினால் பச்சை டைல்ஸில் ஏதோ சோதனை, அதிலும் சந்தேகம் என்று வருகிறது. உங்கள் திருத்தத்தை நான் படித்திருக்கிறேன், அதனால் உங்களைக் கேட்கிறேன். எதை வாங்கலாம்?’

அக்கா அதை நான்கு முறை படித்தாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அத்தானிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

“ஒருத்தர்தான,” என்றார். அப்புறம், “நாப்பது மெத்தை,” என்றார்.

9

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அக்கா கையெழுத்துப் போடுகிறாள். பணம் வருகிறது. செவ்வாய்தோறும் தம்பி எழுதுகிறான். அவள் அதைப் படித்து ஒரு பிழைகூட

(ஒரு பிழைகூடக் காண முடியாது. அதுதான் நரகம்.)

இரண்டாம் முடிவு: அக்கா தாளைக் கிழிக்கிறாள். முகவரியைப் புதுப்பிக்காமல் விடுகிறாள். எட்டு வருடம் ஒரு நண்பகலில் அணைகிறது. யாரும் அவன் குரலில் பேச முடியாது.

(கிழிப்பது எளிது, கதைகளில் எல்லாரும் கிழிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரை வேறு யாராவது எடுத்து வைத்துக்கொள்வார்கள். விடுதிக்காரருக்கு யார் பதில் சொல்வது?)

மூன்றாம் முடிவு: ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஒன்பது கடைகளுக்குப் போகிறாள். குளியலறை வாசலில் முக்காலி போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு

(எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. அதனால்தான் நிறுத்தினேன். அடுத்த மாதம் அவள் எதைத் தின்பாள் என்று அந்த முடிவில் இல்லை. படிக்கிறவருக்கு நெஞ்சு நிறையும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நிறைந்திருந்தது.)

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதையிலும் பொறி வைத்தேன். அதுதான் கைக்கடிகாரம். நாளைக்குப் பதில்பெட்டி இந்தக் கதையை யாருக்காவது நாலு வாக்கியத்தில் பிசைந்து கொடுக்கும்போது, இறந்தவன் கையில் கடிகாரம் இருந்தது என்று சொல்லும். அப்போது பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். இரண்டு நாள் அப்படியே விட்டேன். மூன்றாம் நாள் பக்கத்தின் உச்சிக்குப் போய்த் திருத்தம் போட்டேன். போடும்போது முதலில் தட்டியது ‘அச்சுப்பிழை’ என்ற சொல்தான். அழித்தேன். அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்தும் விடமாட்டேன் என்கிறான்.

இந்தக் கதையில் நான் முடித்து வைத்தது அது ஒன்றுதான். இன்றைக்குத் திங்கள். தாள் மேசையில் இருக்கிறது. விடுதிக்காரரின் மின்னஞ்சலை அச்செடுத்து அதன்மேல் வைத்திருக்கிறேன். அக்கா என்ன செய்வாள் என்பதை உங்களிடம் விடுகிறேன். இதையும் ஓசியில்தான் படித்திருக்கிறீர்கள், இந்த வேலையையாவது செய்யுங்கள்.

எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் முடிவில் அந்தக் குளியலறை வருமானால், டைல்ஸ் வெள்ளை. வாசல் ஓரத்தில் ஒன்று விரிந்திருக்கும்.